லேடீஸ் வண்டி

‘லேடீஸ் வண்டி’ என்ற பெயரில் எந்தக் கம்பெனியும் கார் தயாரிப்பதில்லை. பட்டறைகளில் மட்டும் அப்படியொரு ரகம் உண்டு. மூன்று வருடமாக என் காரின் ஏசியைப் பார்த்துவந்த பட்டறையின் நோட்டில் என் பெயர் இருக்காது. வண்டி எண் இருக்கும், அதற்கு எதிரே ‘லேடீஸ் வண்டி, தளவாய்புரம்’ என்றிருக்கும். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குச் சந்தையில் ஒரு மதிப்பும் உண்டு. அடிபடாத வண்டி, மிதமான ஓட்டம், ஒரே கை. விற்கப்போனால் அதைச் சொல்லியே ஐயாயிரம் கூட்டிக் கேட்கலாம். பழுது பார்க்கப் போகும்போதுதான் அந்தச் சொல் வேறு வேலை செய்கிறது. “லேடீஸ் வண்டிதான மேடம், லோக்கல் ஓட்டத்துக்கு இது போதும்.”

போதும் என்று சொல்வது யார் என்பதுதான் எனக்கு இடறுகிறது.

என்னுடையது 2009ஆம் வருடத்துச் சின்னக் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனியின் காராக இருந்தாலும் பதினாறு கோடை ஓடிய ஏசி ஒருநாள் படுக்கத்தான் செய்யும். ஆர்.சி.யில் என் பெயர் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்திலோ நிலப் பட்டாவிலோ என் பெயர் இல்லாத குடும்பத்தில் அது சின்ன விஷயமில்லை. 2024இல் பதினைந்து வருடம் முடிந்தபோது 5,000 ரூபாய் கட்டி இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்பு இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதை மறக்கமாட்டோம். புதுப்பித்த மறு வருடம் சித்திரையில் கம்ப்ரசர் போனது.

போனது என்றால் திடீரென்று போகவில்லை. மூன்று கோடையாக ஒரே கதை. பங்குனியில் குளிர் குறையும். பட்டறைக்குப் போவேன். கேஸ் அடித்துத் தருவார்கள். “போன வருஷம் அடிச்ச கேஸ் எங்க போச்சு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். “வெயிலுக்குக் குறையத்தான் செய்யும் மேடம்” என்பது பதில். குறையாது. ஏசி என்பது மூடிய சுற்று. பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசியலாம், ஒரே கோடையில் காலியாகாது. காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டை எங்கே என்பது அந்தப் பட்டறைக்குத் தெரிந்தே இருந்தது. கம்ப்ரசர் கரகரவென்று அரைக்கத் தொடங்கிய அன்று, “சாருக்கு ஒரு போன் போட்டுத் தாங்க” என்றார்கள். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்தான். ஆனாலும் போன் அவருக்குத்தான் போனது. சாயங்காலம் அவர் என்னிடம் சொல் மாறாமல் ஒப்பித்தார்: “கூலிங் காயில்ல ரெண்டு வருஷமாவே லீக் இருக்காம். அதைப் பாக்க டேஷ்போர்டையே இறக்கணுமாம். ஒருநாள் வேலையாம். லேடீஸ் வண்டிதானேன்னு கேஸ் மட்டும் அடிச்சு விட்டாங்களாம்.” வண்டி ஓட்டும் என்னிடம் மூன்று வருடமாகச் சொல்லாததை, ஸ்டியரிங்கைத் தொடாத மனிதரிடம் மூன்றே நிமிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், மேகலை வகுப்பைவிட எளிது. கார் ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே காரியம். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்தி, முன்னால் ரேடியேட்டருக்கு முகப்பில் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. டிரையர் என்ற சின்னக் குப்பி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாகத் திரும்பக் கூலிங் காயிலுக்கு. அகராதிகளில் அமுக்கி, ஆவியாக்கி என்றெல்லாம் இவற்றுக்குப் பெயர் இருக்கிறது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். கடையில் அந்தச் சொற்களைச் சொன்னால் கடைக்காரர் என்னை இன்னும் பாவமாகப் பார்ப்பார்.

இந்தச் சுற்றில் முக்கியமான ஒன்று உண்டு. கம்ப்ரசர் தேயாமல் இருக்கவேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தே ஊர்சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பிவருவதும் குறையும். கம்ப்ரசர் வறண்டு ஓடும், தேயும், தேய்ந்த உலோகத்தூள் சுற்று முழுக்கப் பரவும். ஆக, கூலிங் காயிலில் இருந்த ஓட்டையை அன்றே பார்த்திருந்தால் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ‘போதும்’ என்று மூன்று முறை கேஸ் அடித்ததில்தான் கம்ப்ரசர் செத்தது.

கேஸ் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நான் கல்லூரியில் படித்த காலத்துக் கார்களில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கும் வகை. 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் அதைக் கைவிடத் தொடங்கியது. இந்தியாவில் 2003 முதல் புதுக் கார்களில் அதற்கு இடமில்லை. இப்போது நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு. என் வண்டிக்கு 400 கிராம் பிடிக்கும் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அது முழுவதும் கசிந்தால் 570 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டதற்குச் சமம். இதையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று 2016இல் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள், 2021இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. லேடீஸ் வண்டி என்ற நோட்டுக் குறிப்பு கிகாலி வரைக்கும் போய்த்தான் நிற்கிறது.

சரி, இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. விற்றுவிடலாம் என்றார் கணவர். எண்பத்தைந்தாயிரம் தருவதாக ஒருவர் சொல்லியும் விட்டார். “ஏசியை விட்டுரு. கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டு. நம்ம அப்பா காலத்துல என்ன ஏசியா இருந்துச்சு?” என்றான் தம்பி. அப்பா காலத்தில் அம்மா கார் ஓட்டவில்லை. கல்லூரியில் கூட்டம் முடிந்து இருட்டிய பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து தனியாக வண்டியில் வரும் பெண், கண்ணாடியை எவ்வளவு இறக்குவது என்பது காற்று சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. லாரிக்குப் பின்னால் நிற்கும்போது, ரயில்வே கேட்டில் நிற்கும்போது, பைக்கில் இரண்டு பேர் உள்ளே குனிந்து பார்க்கும்போது, கை தானாகக் கண்ணாடியை ஏற்றும். ஏசி இல்லாமல் கண்ணாடி ஏறிய கார் இந்த ஊர் வெயிலில் அடுப்பு.

இன்னொன்றும் இருக்கிறது, வீட்டில் அதிகம் பேசாதது. எனக்கு நாற்பத்தேழு. மாதவிடாய் நிற்கப்போகும் காலம். மூளையில் உடம்பின் சூட்டைக் கவனிக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, சின்ன ஏற்றத்தையும் தாங்காமல் பதறுகிறது. மார்பிலிருந்து கழுத்து, காது என்று திகுதிகுவென்று ஏறும். இரண்டு மூன்று நிமிடம். சேலை முதுகோடு ஒட்டும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது?

இதைச் சொன்னால் ‘சொகுசு கேக்குது’ என்பார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. ஆனால் எந்த உடம்பின் வெப்பம் பேரிடர், எந்த உடம்பின் வெப்பம் சொகுசு என்பதற்கு வீட்டுக்குள் தனி அரசாணை உண்டு. எங்கள் தெருவில் ஏசி வைத்த வீடுகளில் அது படுக்கையறையில் இருக்கிறது, சில வீடுகளில் ஹாலில். அடுப்பு எரியும் அறையில் வைத்து நான் பார்த்ததில்லை. அலுவலகங்களுக்கான குளிர்நிலைக் கணக்கு 1960களில் போடப்பட்டபோது நாற்பது வயது, எழுபது கிலோ ஆண் ஒருவரின் உடற்சூட்டை அளவாக வைத்துக்கொண்டார்கள் என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எடுத்துக்காட்டினார்கள். அங்கே பெண்கள் குளிரில் நடுங்குகிறார்கள், இங்கே நாங்கள் வேகிறோம்.

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் தனி உறவு இருக்கிறது. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி என்றால் நைட்டி. தைத்து அனுப்புவதுதான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. நைட்டி என்பது வெக்கைக்குத் தமிழ்ப் பெண்கள் தாமாகக் கண்டுகொண்ட ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். இடுப்பில் இறுக்கமில்லை, காற்று போகும், இரண்டு பையும் வைத்துத் தைக்கலாம். அதற்கும் தண்டம் உண்டு. 2018இல் ஆந்திராவின் தோகலபள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்றார்கள். துணியாலே குளிர்ந்துகொண்டால் ஒழுக்கக்கேடு, கம்ப்ரசரால் குளிர்ந்துகொண்டால் ஆடம்பரம்.

உதிரிபாகம் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு நைட்டி மிஷின்காரர்தான். எங்கள் தெருக்கோடியில் வீட்டிலேயே இரண்டு ஓவர்லாக் போட்டு, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்கா. நான்கு விலைகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தபோது, ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கப் போன இடத்தில் பேச்சு வந்தது. அவர் கார் ஏசியைத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் கேட்டதும் சொன்னார்: “மிஷின்ல நூலைத் தொடுற சாமான்ல நான் கை வைக்கமாட்டேன் டீச்சர். லூப்பர், ஊசி ரெண்டும் ஒரிஜினல்தான். டூப்ளிகேட் லூப்பர் பாக்க அதே மாதிரி பளபளன்னு இருக்கும், நாலாம் நாள் முனை நூலை அறுக்கும், தையல் விட்டுப்போகும். கத்திக்கு லோக்கல் போதும், சாணை பிடிச்சுக்கலாம். அப்புறம் இன்னொண்ணு. பிரிச்சு மாட்ட அரைநாள் ஆகுற சாமான்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. சாமான் வெலைய மட்டும் பாக்கக்கூடாது. பிரிக்கிற கூலி, அன்னைக்கு ஓடாத பீஸு எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும்.”

இருபத்திரண்டு வருட அனுபவம். மிஷின் பழுதானால் மெக்கானிக் என்று ஓர் ஆணைக் கூப்பிடுகிறார்கள், அவருக்குத் தனிக் கூலி. அவர் வருவதற்குள் இந்த அக்கா பாதி பழுதைக் கண்டுபிடித்துவைத்திருப்பார். அதற்குப் பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது.

அவர் சொன்னதை ஏசிக்குப் பொருத்திப் பார்த்தேன். கூலிங் காயில் பணத்தில் சின்னது, நாலாயிரம் ரூபாய்க்குள். ஆனால் அதை எடுக்க ஸ்டியரிங்கைத் தாழ்த்தி, டேஷ்போர்டை இறக்கி, ஒரு முழு நாள் வேலை. மலிவான காயில் போட்டு இரண்டு வருடத்தில் மறுபடி கசிந்தால், போவது நாலாயிரமல்ல. ஆகவே அதில் முதல்தரம். கண்டன்சர் நேர் எதிர். முன்பம்பரைக் கழற்றினால் கைக்கு எட்டும். கல் தெறித்து எப்படியும் அடிவாங்கும் சாமான், நல்ல பெயருள்ள வெளிக் கம்பெனியுடையது போதும். (இது நான் சொல்லும் போதும்.) பழைய கண்டன்சரையே ஃபிளஷ் பண்ணித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். இந்தக் காலத்துக் கண்டன்சரின் குழாய்கள் தலைமுடி மெல்லிசான தடங்களாகப் பிரிந்து ஓடுபவை. உலோகத்தூள் அவற்றுக்குள் சிக்கினால் முழுதாக வெளிவராது. புதுக் கம்ப்ரசரை அந்தத் தூளே தின்னும். என் வண்டிக்கு டிரையரும் கண்டன்சரோடு சேர்ந்தே வருவதால் அந்தச் செலவும் அதிலேயே முடிந்தது. வால்வு எண்ணூற்றைம்பது ரூபாய். பழையதைக் கழுவிப் போடுவது பற்றிப் பேசவே கூடாது. ஓ-ரிங்குகள் இந்தக் கேஸுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் வகையாகப் புதிதாகப் போட வேண்டும். ப்ளோயர் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது, அதைத் தொடவிடவில்லை.

கடைசியாகக் கம்ப்ரசர். ராஜபாளையத்தில் என் மாடலுக்குக் கிடைக்காமல் மதுரைக்குப் போனேன். பழைய கம்ப்ரசரின் ஸ்டிக்கரிலிருந்த பார்ட் நம்பர், வண்டியின் சேசிஸ் நம்பர், புல்லியில் எத்தனை வரி, போல்ட் காதுகள் எத்தனை என்று எழுதி, போட்டோவும் எடுத்துப் போயிருந்தேன். ஒரே வருட மாடலிலேயே பாதியில் சாமான் மாறியிருக்கும், பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது.

“யாருக்கும்மா?” என்றார் கடை அண்ணாச்சி.

“எனக்குத்தான் அண்ணாச்சி.”

“அதில்ல, மெக்கானிக் யாரு? அவரைப் பேசச் சொல்லுங்க.”

“அவர் மாட்டுவார். வாங்குறது நான்.”

கொஞ்ச நேரம் வேறு ஆளைப் பார்த்தார். பார்ட் நம்பரை வாசித்தேன். பிறகு பெட்டிகள் இறங்கின. ரீகண்டிஷன் 6,500, மூன்று மாத வாரண்டி. பெயர் தெரியாத இறக்குமதிப் புதுசு 9,000. கம்ப்ரசரைத் தயாரித்த கம்பெனியின் சொந்தப் பெட்டி 15,800. கார்க் கம்பெனியின் முத்திரைப் பெட்டி 19,400. கடைசி இரண்டும் உள்ளே ஒன்றுதான். கார்க் கம்பெனிகள் பொதுவாக ஏசியைத் தாங்களே தயாரிப்பதில்லை. சுப்ரோஸ், சாண்டன், டென்சோ என்று அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. மாருதிக்கு ஏசி தரும் சுப்ரோஸ், சுசுகியும் டென்சோவும் பங்குசேர்ந்து 1985இல் தொடங்கியது. ஆக 3,600 ரூபாய் வித்தியாசம் அட்டைப்பெட்டிக்கு.

அண்ணாச்சி எடுத்து முன்னால் வைத்தது ரீகண்டிஷனை. “ஸ்கூலுக்கு வீட்டுக்குன்னு ஓடுற வண்டிதான? இது தாராளம்.” புதிதாகச் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தது. சீலும் பேரிங்கும் மாற்றிக் கழுவி எடுத்தால் அது ரீகண்டிஷன். உள்ளே தேய்ந்த பரப்பு தேய்ந்ததுதான். சிரத்தையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யார் செய்தது, உள்ளே எவ்வளவு தேய்மானம் என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. சென்னை புதுப்பேட்டையில் கழித்த வண்டியிலிருந்து இரண்டாயிரத்துக்கு எடுக்கலாம் என்று ஒரு நண்பரும் சொல்லியிருந்தார். கண்ணாடி, கைப்பிடி, ஹெட்லைட் என்றால் நானே புதுப்பேட்டைக்குப் போவேன். ஏசி சாமான் அப்படியல்ல. இந்தக் கேஸுக்கான எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். வாய் திறந்தபடி மாதக்கணக்கில் கடையில் கிடந்த கம்ப்ரசருக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது.

15,800க்கு பில் போடச் சொன்னேன். வாரண்டிக் கார்டில் சீல் வாங்கினேன். புதுக் கண்டன்சர், வால்வு வாங்கிய பில் இல்லாமல் கம்ப்ரசர் வாரண்டி செல்லாது என்று அண்ணாச்சியே அப்போது சொன்னார். குரல் மாறியிருந்தது. “டீச்சரா நீங்க?” என்றும் கேட்டார்.

மாட்டிய இடம் வேறு பட்டறை. கூலி, நைட்ரஜன் விட்டுச் சோதித்தது, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 32,850. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வேக்குவம் இழுக்க வேண்டும், கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னிடமே பேசினான், என்னிடமே காட்டினான். பழைய கம்ப்ரசரிலிருந்து வடித்த எண்ணெய் கறுப்பாக, மினுமினுவென்று இருந்தது. கூலிங் காயிலை வெளியே எடுத்ததும் சிரித்துவிட்டான்.

“என்னக்கா, வண்டிக்குள்ள துணி தைக்கிறீங்களா?”

காயிலின் முகம் முழுக்கப் பஞ்சு. இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ. மிஷின் அக்காவின் பண்டில்களை அவ்வப்போது டிக்கியிலும் பின்சீட்டிலும் ஏற்றி வந்திருக்கிறேன். தைக்கப் போகும் பெண்கள் மழைநாளில் ஏறியிருக்கிறார்கள். அவர்கள் சேலையில், தலைமுடியில் ஒட்டியிருந்த நைட்டித் தூசி. என் வண்டியில் காற்று வடிகட்டும் ஃபில்டர் கிடையாது, உள்காற்றையே சுற்றவிடும்போது தூசி நேராகக் காயிலில் போய் ஒட்டும். ஈரத்தில் ஊறி ஊறி அலுமினியத்தை அரித்திருக்க வேண்டும். தூசிதான் ஓட்டைக்குக் காரணம் என்று அந்தத் தம்பி அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றான். காற்று உள்ளே இழுக்கும் வாயில் வைக்க மெல்லிய வலைத்துணி ஒன்றைத் தைத்துத் தந்திருக்கிறார் அக்கா. மாதம் ஒருமுறை கழற்றி அலசிப் போடுகிறேன்.

பழைய சாமான்களை எல்லாம் சாக்கில் கட்டி வாங்கிவந்தேன். “அது எதுக்குக்கா?” என்றான் தம்பி. புதுசு போட்டிருக்கிறாய் என்பதற்குச் சாட்சி என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“கார் வெலையில பாதிய ஏசிக்குப் போட்டிருக்கா” என்று உறவுக்குள் பேச்சு. பாதி இல்லை, நாற்பது சதவீதம்கூட இல்லை. கணக்கைத் திருத்திச் சொன்னேன்.

இப்போது கண்டன்சர் ஃபேன் லேசாகச் சத்தம் போடுகிறது. மோட்டார் மட்டும் மாற்றலாமா, இறக்கையும் கூடும் சேர்ந்த முழு செட்டா என்று பார்க்க வேண்டும். பட்டறைத் தம்பி முழு செட் என்கிறான். அக்காவிடம் கேட்டேன். “ஆடுது எதுன்னு முதல்ல கையால பிடிச்சுப் பாத்தீங்களா டீச்சர்?” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறக்க அவரே வருகிறார்.